அரைக்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ‘ம்’

கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டாயிற்று. முதல் கட்டத்தில் ‘மே’ என்று எழுதி அதன் கீழே தமிழில் அனுமதி என்று எழுதும்போது சாக்பீஸ் ‘தி’யின் சுழியில் முறிந்து பியூலா மிஸ்ஸின் சேலை மடிப்பில் விழுந்து உருள்கிறது, முன்பெஞ்சு மாரித்தாய் பாய்ந்து எடுத்துக் கொடுக்கிறாள், மிஸ் ‘தேங்க்யூம்மா’ என்கிறார், எப்போதும் போலத்தான் என்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை, இன்றைக்காவது கொஞ்சம் எரிந்து விழுந்தால் என்ன, டஸ்டரை மேசையில் ஓங்கி அடித்தால் என்ன, அடித்தால் நானும் மனசுக்குள் ஓர் ஓரமாக ‘இந்த மிஸ்ஸுக்கு வேண்டும்தான்’ என்று நினைத்துக்கொள்ளலாம், அதற்குக்கூட வழி விடவில்லை. மே என்றால் அனுமதி, ஓகே? நாம கேட்கிறது, ஓகே? கொடுக்கிறது இன்னொருத்தங்க, ஓகே? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக ஓர் ஓகே வைப்பார் மிஸ், அந்த ஓகேயைச் செய்து காட்டித்தான் ஜூன் மாதமே நான் இந்த வகுப்பைக் கைக்குள் போட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரஹ்மத் நிஷா இப்போதுகூட என் முழங்கையை இடிக்கிறாள், ஏட்டி எண்ணுதியா, இதுவரைக்கும் எத்தன ஓகே, நான் எண்ணவில்லை, எனக்கு மணி அடிப்பது ஒன்றுதான் நினைவு, மணி அடித்ததும் மிஸ் நேராக எச்.எம். ரூமுக்குப் போக வேண்டும், அங்கே நேற்று அடிபட்ட அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்திருப்பார், எச்.எம். அந்த அம்மா முன்னாலேயே மிஸ்ஸிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப் போகிறார், பி.டி.ஏ. மிஸ்தானே, பெற்றோர் சங்கத்தில் வைத்த ஆள், ஆர்டரா கையெழுத்தா, ஒரு வாய்வார்த்தையில் வந்தவர் ஒரு வாய்வார்த்தையில் போய்விடுவார். பொய் சொன்னதற்காகப் போகிறார். பொய் சொன்னது மிஸ் இல்லை. நான். ஆவுடைச்செல்வி, பதினொன்றாம் வகுப்பு காமர்ஸ், கடைசிக்கு முந்தின பெஞ்சு, ஜன்னல் ஓரம். இதோ உட்கார்ந்து கட்டம் போடுகிறேன், ஸ்கேல் வைத்து, கோடு நேராகத்தான் வருகிறது, அதுவும் ஒரு அசிங்கம்.

இரண்டாவது கட்டத்தில் ‘மஸ்ட்’. கட்டாயம். செய்தே ஆக வேண்டும், வேற வழி இல்ல, ஓகே? மஸ்ட் என்று மிஸ் சொல்லும்போது கீழுதடு ஒரு நொடி பல்லுக்குள் போய் வருகிறது, இப்படித்தான் நான் ஆட்களைப் பார்ப்பேன், முகத்தை இல்லை, வாயை, வாய்க்குள் நாக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று, அது தெரிந்தால் போதும், மீதி தானாக வரும். மினிபஸ் கண்டக்டருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி இருக்கும், உள்ள போ உள்ள போ, பெரிய தெரு எறங்குறவங்கல்லாம் முன்னால வா, அந்தானைக்குச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டே வகுப்புக்குள் வந்துவிடும், பிள்ளைகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடிப்பார்கள். ரேஷன் கடை அண்ணாச்சி, கேஸ் வண்டிக்காரர், கோவில் மைக்கில் காணாமல் போன பிள்ளையை அறிவிக்கிறவர், அடுத்த வீட்டு குக்கர் மூன்றாம் விசிலுக்கு முன்னால் விக்குமே அந்த விக்கல், எல்லாம் வரும் எனக்கு. போன் எடுத்தால் பேசும் அந்த ரெக்கார்டு பொம்பளையும் வருவாள், நேற்று சாயங்காலத்திலிருந்து அவள்தான் எனக்குள் ஓயாமல் பேசுகிறாள், வணக்கம், நீங்கள் செய்தது மிகப் பெரிய தவறு, மீண்டும் கேட்க எண் ஒன்றை அழுத்தவும், நான் அழுத்தாமலேயே மீண்டும் மீண்டும் சொல்கிறாள். ராத்திரி அப்பா கடையை அடைத்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, எங்க, நம்ம ரேஷன் அண்ணாச்சிய ஒரு பிடி பிடி பாப்பம் என்று கேட்டார், தினமும் கேட்பதுதான், அதற்காகவே வீட்டுக்கு வருகிற மாதிரி கேட்பார், தொண்ட சரியில்லப்பா என்றேன், அம்மா திரும்பிப் பார்த்தாள், இவளுக்குத் தொண்ட சரியில்லன்னா ஊருக்கே உடம்பு சரியில்லன்னு அர்த்தம் என்று சொல்லிவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை, காய்ச்சல் அடித்திருந்தால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் வராமல் இருந்திருக்கலாம், வராமல் இருந்தால் மிஸ் போனது எனக்குத் தெரியாமலே போயிருக்கும், சீ, என்ன மனசு இது, எங்கே தொட்டாலும் வழுக்கிக்கொண்டு தன் பக்கமே போகிறது.

எச்.எம். குரல்தான் எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது. திருச்சிப் பக்கத்துப் பேச்சு, நம் ஊர் இழுவை கிடையாது, அதில்லை கஷ்டம், எந்நேரமும் கன்னத்துக்குள் ஒரு கிராம்பு ஒதுக்கி வைத்திருப்பார் அவர், அதனால் ‘ச’ எல்லாம் கொஞ்சம் ஈரமாக வரும், பேசுமுன் மூக்கிலிருந்து ஒரு ‘ம்’ எழும்பும், கேள்வியும் இல்லாமல் பதிலும் இல்லாமல் நடுவில் நிற்கிற ‘ம்’, அதைக் கேட்டாலே ஆசிரியைகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். அந்த ‘ம்’முக்காக நான் குளியலறையில் எத்தனை நாள் பக்கெட்டுக்குள் தலையைக் கவிழ்த்துப் பேசிப் பார்த்திருக்கிறேன். பிடிபட்ட அன்றைக்கு, ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல, ஒரு பெரிய மனுஷியை முழுசாகத் தூக்கி வாய்க்குள் போட்டுக்கொண்ட மாதிரி. எங்கள் பள்ளிக்கூடத்தில் எச்.எம்.மை யாரும் பார்த்து அனுமதி கேட்பதில்லை. அப்படி ஒரு பழக்கம். அவர் ரூமுக்கு அரைக்கதவு, ஸ்பிரிங் வைத்தது, உள்ளே நாற்காலி ஒரு பச்சை பீரோவுக்குப் பின்னால் போட்டிருக்கும், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று அவரே நகர்த்திப் போட்டதாம், வெளியே நின்றால் பீரோவின் முதுகும் மின்விசிறியும்தான் தெரியும். கதவைத் தள்ளினால் ஸ்பிரிங் கிரீச்சிடும், அந்தச் சத்தம் அவருக்குத் தலைவலி, ஆகையால் லீவு வேண்டுமா, பர்மிஷன் வேண்டுமா, சாக்பீஸ் வேண்டுமா, எல்லாரும் வெளியே நின்று கதவின் தலைக்கு மேலாகச் சொல்ல வேண்டியது, உள்ளிருந்து ‘ம்’ வரும், அப்புறம் சரி அல்லது முடியாது, அவ்வளவுதான். இருபது வருஷம் வேலை பார்த்த டீச்சரும் அப்படித்தான், இந்த வருஷம் வந்த பியூலா மிஸ்ஸும் அப்படித்தான். இந்தப் பள்ளிக்கூடத்தில் அனுமதி என்பது ஒரு குரல். அந்தக் குரல் என்னிடம் இருந்தது. இப்படிச் சொன்னால் என்மேல் தப்பே இல்லாத மாதிரி இருக்கிறது, கதவுமேல் தப்பு, பீரோமேல் தப்பு, இல்லை, இல்லை, கதவு பேசவில்லை.

நேற்று நான் சாக்பீஸ் பெட்டி எடுக்கத்தான் போனேன். வெளியே நின்று கேட்டேன், ‘ம்’ வரவில்லை, வராந்தாவில் ஆளே இல்லை, கதவை மெதுவாக, கிரீச்சிடாமல், முழங்காலால் தள்ளி நுழைந்தேன், நாற்காலி காலி, மேசைமேல் கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது. உட்கார்ந்தேன். எதற்கு உட்கார்ந்தேன்? அது உட்காரச் சொல்லுகிற நாற்காலி, துண்டு விரித்த நாற்காலி, உட்கார்ந்ததும் சுழன்றது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு, வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று, இரண்டாவது சுற்றில்தான் வெளியே செருப்புச் சத்தம், மேடம், என்று பியூலா மிஸ் குரல். ஓடி ஒளிய நேரம் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் ஆள் இல்லை என்று போயிருப்பார். ஆனால் வாய், இந்த வாய், மிஸ் மேடம் என்று சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் மூக்கிலிருந்து ‘ம்’ எழும்பிவிட்டது, நான் நினைக்கவில்லை, அது வந்தது, அவ்வளவு சுத்தமாக அதுவரைக்கும் வந்ததில்லை. மேடம், பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறிடுச்சாம், பாலர் பள்ளியில இருந்து போன் வந்துச்சு, ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும் மேடம், அடுத்த பீரியட் எனக்கு ஏழாங்கிளாஸ். அந்த வேணும் என்கிற இடத்தில் மிஸ்ஸின் குரல் ஒரு நூல் இழையாகப் போயிற்று. நான் சொன்னேன், போயிட்டு வாங்க. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். இத்தோடு நிறுத்தியிருந்தால் மிஸ் வகுப்புக்கு வேறு யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். ஆனால் எனக்கு இன்னொரு வாக்கியம் வேண்டியிருந்தது, அந்த ஈரமான ‘ச’ வரும்படி ஒரு வாக்கியம், அழகுக்கு, சரி சரி, கிளாஸை நான் பாத்துக்குறேன். தேங்க்யூ மேடம், தேங்க்யூ மேடம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ஓடினார் மிஸ். நான் நாற்காலியில் இருந்து சிரித்தேன். நேற்று ராத்திரி... இல்லை, ராத்திரியை விடு, இப்போது யோசிக்கிறேன், நான் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன், பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றதும் மனசு இளகித்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாமே, நல்லா இருக்கிறதே அது, யாரிடமாவது சொன்னால் அப்படியே சொல்லலாம், ஆனால் எனக்குத் தெரியும், பாப்பா என்ற சொல் என் காதில் விழவே இல்லை, நான் கேட்டதெல்லாம் என் குரலைத்தான்.

ஏழாம் வகுப்பில் யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளவில்லை. யார் போவார்கள்? பார்த்துக்குறேன் என்று சொன்ன எச்.எம். அந்த நேரம் சத்துணவுக் கூடத்தில் நின்று சாம்பாரைக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், சமையல்காரம்மாவும் பி.டி. டீச்சரும் சாட்சி. டீச்சர் இல்லாத ஏழாம் வகுப்பு என்ன செய்யும், பெஞ்சுக்குப் பெஞ்சு தாவும், நாங்களும் தாவியிருக்கிறோம், மதிவதனி என்று ஒரு பிள்ளை, ஒல்லியாக ரெட்டை ஜடை போட்டிருக்கும், தாவினது, கால் எட்டவில்லை, டெஸ்க் முனையில் தாடை. நாங்கள் சத்தம் கேட்டுத்தான் போய்ப் பார்த்தோம், சட்டைக் காலர் முழுக்க ரத்தம், அந்தப் பிள்ளை அழவில்லை, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அதற்கு வெட்கம், பாவாடையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தது. மிஸ் ஆட்டோவில் திரும்பி வந்து இறங்கும்போது வராந்தா முழுக்கக் கூட்டம். எங்க போனீங்க என்று எச்.எம். கேட்டார். மேடம், நீங்கதானே மேடம் பர்மிஷன் குடுத்தீங்க. நானா? எப்ப? நீங்கதான் மேடம், கிளாஸைப் பாத்துக்குறேன்னு சொன்னீங்களே. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இப்போதே சொல்லிவிடு, இப்போதே, என்று கால் முன்னால் போயிற்று, எச்.எம். சொன்னார், பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்மா, புள்ள பெத்தவங்கதானே நீங்க, ஒரு புள்ள ரத்தத்துல கெடக்குது, நாளைக்கு அவங்கம்மா வரட்டும், அத்தோட உங்களுக்கும் இங்க வேலை முடிஞ்சுது. கால் பின்னால் வந்துவிட்டது. அப்புறம் சாயங்காலம் குழாயடியில் மிஸ் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே தமிழ் டீச்சரிடம் சொன்னார், நான் அடுத்த குழாயில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றேன், எனக்கு ஒண்ணும் புரியலக்கா, என் காதால கேட்டேன், மேடம் எதுக்குப் பொய் சொல்லணும், சொல்ல மாட்டாங்க, அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சா, பாப்பா நாலு நாளா தூங்க விடல, தூக்கமில்லாம எனக்கா அப்பிடித் தோணிருக்குமோ, எங்க வீட்டுக்காரர்ட்ட போன்ல சொன்னா டாக்டர்ட்ட போவமாங்காரு. வேலை போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் என் மூக்குக்குள் ஏறி நான் இருமினேன், பாத்து குடிம்மா என்று மிஸ் என் முதுகில் தட்டினார். தட்டினார். அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்கிறது, சட்டைக்குள் ஏதோ பூச்சி விழுந்த மாதிரி, முதுகை பெஞ்சில் தேய்த்துக்கொள்கிறேன், ஏட்டி அரிக்கா என்கிறாள் ரஹ்மத்.

மூன்றாவது கட்டம், மஸ்ட் நாட். செய்யவே கூடாது. தடை, ஓகே? மிஸ் திரும்பி நின்று கையைத் தட்டித் தூளை உதிர்க்கிறார், இப்ப நீங்க சொல்லுங்க, ஆளுக்கு ஒண்ணு, நம்ம ஸ்கூல்ல எது செய்யலாம், எது செஞ்சே ஆகணும், எது செய்யக்கூடாது. மாரித்தாய் எழுந்து, யூ மஸ்ட் வேர் ரிப்பன் என்கிறாள். யூ மே டிரிங்க் வாட்டர். யூ மஸ்ட் நாட் ஈட் இன் தி கிளாஸ் மிஸ் என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி ரஹ்மத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல, ரஹ்மத் வாயிலிருந்த நெல்லிக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுகிறாள், வகுப்பு சிரிக்கிறது, மிஸ்ஸும் உதட்டை மடித்துக்கொள்கிறார். வரிசை என்னை நோக்கி வருகிறது. என்னிடம் இருக்கிற வாக்கியங்கள் எல்லாம் வேறு, யூ மஸ்ட் டெல், யூ மஸ்ட் டெல் நவ், ஒரு வாக்கியம்தானே, எழுந்து நின்று மிஸ் நேத்து பேசினது நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், மூச்சுகூடத் தேவையில்லை, சொன்னால் என்ன ஆகும், டி.சி. கொடுப்பார்கள், அப்பாவை வரச் சொல்வார்கள், அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து இடுப்பில் கையைக் கட்டி நிற்பார், தினமும் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டு சிரித்தவர் இனிமேல் கேட்க மாட்டார், அதுதான், டி.சி. இல்லை, அதுதான் பயம், இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அத்தோடு இந்த வகுப்பு முழுக்க இப்படி ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்க்கும், சிரிக்காமல் பார்க்கும். நான் சிரிக்காத முகங்களைப் பார்த்துப் பழகவில்லை. மிஸ் அதற்குள், சரி, ஒரு சின்ன உரையாடல் போடுவோம், ஒருத்தங்க டீச்சர், ஒருத்தங்க ஹெட்மிஸ்ட்ரஸ், டீச்சர் அனுமதி கேக்கணும், ஓகே? என்கிறார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, பயிற்சியில், மிஸ் வேண்டுமென்று கேட்கவில்லை, பக்கத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார், ஆனால் கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்து மறைகிறது, நேற்று ஞாபகம் வந்திருக்கும், அதை விழுங்கிக்கொண்டு, யாரு வாரீங்க என்கிறார். மிஸ், ஆவுடை, ஆவுடை, என்று வகுப்பு கத்துகிறது, மிஸ் இவ எச்.எம். மாதிரியே பேசுவா மிஸ், அச்சு அசல் மிஸ், கண்ண மூடிக்கிட்டீங்கன்னா நம்ம எச்.எம்.தான் மிஸ்.

அப்படியா? எனக்குத் தெரியாதே, என்கிறார் மிஸ். எனக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. எந்திரி ஆவுடை, சும்மா செய்யி, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் என்கிறார் மிஸ். நான் எழுந்து நிற்கிறேன். இதுதான் வழி, வாயைத் திறந்து அந்த ‘ம்’மைப் போட்டால் போதும், மிஸ்ஸுக்குப் புரிந்துவிடும், நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், தன் காது சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார், போட்டுவிடு ஆவுடை, ஒரே ஒரு ‘ம்’, மிஸ் கேட்கிறார், மே ஐ கோ ஹோம், மேடம்? விளையாட்டாகக் கேட்கிறார், கொஞ்சம் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள், நாக்கு கன்னத்துக்குப் போகிறது, பாதி வழியில் நிற்கிறது, திரும்பி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, உள்ள போ உள்ள போ, படியில நிக்காத தாயி, வீட்டுக்குப் போறவங்கல்லாம் சில்லற வச்சிக்கோ. கண்டக்டர். கண்டக்டர் வந்துவிட்டார். வகுப்பு வெடித்துச் சிரிக்கிறது, டெஸ்க்கைத் தட்டுகிறார்கள், பியூலா மிஸ்ஸும் சிரிக்கிறார், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நேற்றிலிருந்து முதல் தடவையாக இருக்கும், கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளட்டி நீ, உக்காரு என்கிறார். உட்காருகிறேன். இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். ஒரு மனுஷியின் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு அவருக்கே கிச்சுகிச்சு மூட்டியிருக்கிறேன். மிஸ் கரும்பலகையைத் துடைக்கிறார், மூன்று கட்டங்களும் வெள்ளைப் புகையாகின்றன, நாளைக்கு அடுத்த கட்டம், ஷுட், எடுக்க... என்று தொடங்கி நிறுத்திவிட்டு, ஷுட் மிச்சம் இருக்கு, யாரு வந்தாலும் கேட்டு நடத்தச் சொல்லுங்க, என்கிறார். யாரும் கவனிக்கவில்லை. ரஹ்மத் நெல்லிக்கொட்டையை ஜன்னலுக்கு வெளியே துப்புகிறாள். மணி அடிக்கிறது.

மிஸ் போகிறார். கைப்பையை எடுத்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி, வராந்தாவில் ஓரமாக, சுவரை ஒட்டிப் போகிறார். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் பின்னால் போகிறேன், ஏட்டி எங்க, அக்கவுண்டன்சி டீச்சர் வாராவ என்று ரஹ்மத் கத்துகிறாள், மிஸ் அரைக்கதவுக்கு வெளியே நின்று மேடம் என்கிறார், ‘ம்’, வாங்க, என்று உண்மையான குரல், இன்றைக்கு உள்ளே கூப்பிட்டுவிட்டார், ஸ்பிரிங் கிரீச்சிட்டு மிஸ்ஸை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஆபீஸ் அட்டெண்டர் பேச்சியக்கா பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருக்கிறார், என்னட்டி, உனக்கு இங்க என்ன சோலி, வகுப்புக்குப் போ. உள்ளே எச்.எம். பேசுவது கேட்கிறது, இவங்க அம்மா மொகத்தப் பாத்து நீங்களே சொல்லுங்க, என்ன பதில் சொல்லட்டும் நான். நான் வெளியே நின்று, மேடம், மே ஐ கம் இன் மேடம், என்கிறேன், என்ன குரலில் என்று தெரியவில்லை, கீச்சென்று வருகிறது. ‘ம்’, இப்ப முடியாது, அப்புறம் வா. அனுமதி இல்லை. நான் கதவைத் தள்ளுகிறேன். அது ஊருக்கே கேட்கிற மாதிரி கிரீச்சிடுகிறது. பீரோவைச் சுற்றிப் போனால் எச்.எம்., எதிரே பியூலா மிஸ் நின்றுகொண்டு, பெஞ்சில் ஒரு அக்கா, கட்டம் போட்ட சேலை, பக்கத்தில் மதிவதனி, தாடையிலிருந்து காது வரைக்கும் வெள்ளைப் பிளாஸ்திரி. நேத்து இந்தச் சேர்ல உக்காந்து மிஸ்ஸுக்குப் பர்மிஷன் குடுத்தது நான்தான் மேடம், உங்கள மாதிரிப் பேசி, நான்தான் கிளாஸைப் பாத்துக்குறேன்னும் சொன்னேன், மிஸ் பொய் சொல்லல. சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா, சொன்னால் ஏதாவது இறங்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இறங்கவில்லை. எச்.எம். என்னைப் பார்க்கவே இல்லை, மிஸ்ஸைப் பார்க்கிறார், ஓகோ, புள்ளைய ஏவி விட்டு பொய் சாட்சி வேறயா, இது எனக்குத் தோணாமப் போச்சே. மிஸ் என்னைப் பார்க்கிறார், ஆவுடை, எனக்காகவா, வேண்டாம்மா, எனக்காகப் பொய் சொல்லாத, வகுப்புக்குப் போ. மிஸ்ஸும் நம்பவில்லை. நான் கண்டக்டரை மட்டும்தானே அவருக்குக் காட்டியிருக்கிறேன். என்னால் மிஸ்ஸுக்கு இன்னும் ஒரு பழி, வந்து அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன், எச்.எம். முகத்துக்கு நேரே எச்.எம். குரலில் பேசுவதா, செய்யவே கூடாது, செய்தே ஆக வேண்டும், வாய் வறண்டு கிடக்கிறது, ஒரு சொட்டு எச்சில் இல்லை, எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச ஆசை இல்லை. கண்ணை மூடிக்கொள்கிறேன். ‘ம்’. பேச்சி, இங்க வா.

வந்தேன் மேடம், என்று வராந்தாவில் ஸ்டூல் சரிகிற சத்தம், கதவு கிரீச்சிடுகிறது, பேச்சியக்கா பூவும் நாருமாக ஓடி வந்து, என்னையோ மிஸ்ஸையோ பார்க்காமல் நேராக எச்.எம்.மிடம், கூப்பிட்டீயளா மேடம், டீயா மேடம், எத்தன சொல்லட்டும் மேடம், என்கிறார். எச்.எம். வாயைத் திறக்கிறார், திறந்து, ஏதோ தன் குரல் கைமாறிப் போன மாதிரி அப்படியே மூடிக்கொள்கிறார். மூணா நாலா மேடம், என்கிறார் பேச்சியக்கா. பியூலா மிஸ் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், என்னைத் திட்டுவார் என்று பார்க்கிறேன், அவர் கண்ணை மூடி மெல்ல மூச்சு விடுகிறார், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்த ஆள் விடுவதுபோல, அந்த மூச்சு முடிந்த பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார், அந்தப் பார்வையில் தேங்க்யூம்மா இல்லை. ஏன் இருக்க வேண்டும். பெஞ்சிலிருந்த அக்கா எழுந்து நிற்கிறார், அப்ப நீதானாட்டி, என் பிள்ள தாடயில ஆறு தையலு, நீதானா? ஆமாக்கா. விளையாட்டாட்டி உனக்கு? ஆமாக்கா. வேறு என்ன சொல்ல, விளையாட்டுத்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்கிறது, மூக்கு வழியாக, விக்கல் மாதிரி, முதலில் அழுகை என்று நினைத்தேன். மதிவதனி சிரிக்கிறது. பேச்சியக்கா ஓடி வந்ததிலிருந்து அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது போல, எச்.எம். முகத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, சிரிக்கிறது, சிரித்ததும் பிளாஸ்திரிக்கு அடியில் இழுக்கிறது, ஆ என்று தாடையைப் பிடித்துக்கொள்கிறது, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர், அழுதுகொண்டே மறுபடி சிரிப்பு வருகிறது அதற்கு, அக்கா அதே மாதிரி இன்னொருக்க, என்று என்னிடம் வாயைத் திறக்காமல் சொல்கிறது, அதன் அம்மா பதறிப்போய் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொள்கிறார், சிரிக்காதட்டி, சிரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருல்லா, தையல் பிரிஞ்சிரும், அந்தப் பக்கம் பாக்காத, பாக்காதங்கேன்லா. அது பார்க்கிறது. வெள்ளைப் பிளாஸ்திரியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு ஊறுகிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறது. யாரும் சொல்லாமலே நான் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறேன்.